கைக்கு எட்டாத இடத்தில் ஒரு குழாய்

சிறுநீரகத்தில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்குப் பையும் கட்டுப்போடும் சாமான்களும் வீடு தேடி வர வேண்டும். வாரம் ஒருமுறையாவது பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் வந்து முதுகைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இந்த இரண்டையும் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஊர் வத்தலக்குண்டு. தையல் தொழில். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவள். என் இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் முதுகு வழியாகக் குழாய் வெளியே வருகிறது. அந்தக் குழாய்களோடுதான் சமைக்கிறேன், தைக்கிறேன், பஸ் ஏறுகிறேன், தூங்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் இதை ‘பி.சி.என்.’ என்பார்கள். சிறுநீரகத்தில் ஊறும் நீர் ஒரு மெல்லிய நாளத்தின் வழியே மூத்திரப்பைக்கு இறங்க வேண்டும். கல்லோ, கட்டியோ, காசநோய் விட்டுப்போன தழும்போ அந்த நாளத்தை அடைத்துவிட்டால் நீர் மேலேயே தேங்கிச் சிறுநீரகம் வீங்கிவிடும். கொஞ்ச நாள் விட்டால் அது செத்தே போகும். அப்போது விலாவுக்குக் கீழே முதுகுப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனிலும் எக்ஸ்ரே திரையிலும் பார்த்துக்கொண்டே சிறுநீரகத்துக்குள் நேராக ஒரு ஊசியை விடுகிறார்கள். ஊசிக்குள் மெல்லிய கம்பி. கம்பியின் மேல் குழாயை ஏற்றி உள்ளே இறக்கிவிட்டுக் கம்பியை உருவிக்கொள்கிறார்கள். குழாய் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். உள்ளே போனதும் அதன் நுனி சுருண்டுகொள்ளும். குழாய்க்குள் ஓடும் ஒரு நூலை வெளியிலிருந்து இழுத்துப் பூட்டினால் சுருள் அவிழாமல் நிற்கும். குழாயை மாற்றும்போது முதலில் அந்த நூலைத்தான் வெட்டுவார்கள். அமெரிக்காவில் வில்லார்ட் குட்வின் என்ற மருத்துவர் இந்த வழியை 1955-ல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்னால் இதே காரியத்துக்கு முதுகைக் கிழித்து அறுவை செய்ய வேண்டியிருந்தது. எழுபது வருடமாக உலகத்தில் நடந்துவரும் வைத்தியம் இது. ஆனால் குழாயோடு ஊருக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்தால், நேற்றுத்தான் கண்டுபிடித்ததைப் போல எல்லாரும் விழிக்கிறார்கள்.

எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் போலப் பல பெண்களுக்கு இந்த வழியாகத்தான் வருகிறது. சிறுநீர் நாளங்கள் இரண்டும் கருப்பை வாய்க்கு இரண்டு பக்கமும் சுமார் 2 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுகின்றன. கருப்பை வாயில் வரும் கட்டி பக்கவாட்டில் பரவினால் முதலில் நெரிபடுவது அவைதான். இப்படிச் சிறுநீரகம் வீங்கிவிட்டாலே நோயை 3-பி நிலை என்று கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்திருக்கிறது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. கிரியாட்டினின் 6-ஐத் தாண்டியிருந்தது. பெண்களுக்கு அது ஒன்றைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். “முதல்ல கிட்னியக் காப்பாத்துவோம்மா, அப்புறம் கரண்ட் வைப்போம்” என்றார் டாக்டர். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கும்போது வாரம் ஒருமுறை ஏற்றும் சிஸ்பிளாட்டின் மருந்தைத் தாங்கச் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். குழாய் வைத்த முதல் இரண்டு மூன்று நாள் நீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தேங்கியிருந்தது திறந்தால் அப்படித்தான் போகுமாம். அது போகப் போகப் பக்கத்திலேயே நின்று குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கிரியாட்டினின் இறங்கியது, கரண்ட் வைத்தார்கள், நான் இருக்கிறேன்.

அதனால் இந்தக் குழாயின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வைத்த கைகளைக் கும்பிடுகிறேன். காப்பீட்டு அட்டையில் போட்டார்கள், ஒரு ரூபாய் கேட்கவில்லை. என் ஆற்றாமையெல்லாம் அதற்கு மறுநாளிலிருந்து தொடங்கும் வாழ்க்கையைப் பற்றியது. அந்த வாழ்க்கைக்காக எனக்குக் கொடுத்தனுப்பியது, டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரியும், பையைக் கீழே வையுங்கள், நனைக்காதீர்கள் என்ற இரண்டு வாய்வார்த்தையும்தான்.

பையைக் கீழே வைப்பது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பை எப்போதும் சிறுநீரகத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மேலே போனால் பையில் உள்ள நீர் திரும்பவும் உள்ளே ஏறும், கிருமியும் கூடவே ஏறும். ஆஸ்பத்திரிக் கட்டில் உயரமானது, கம்பியில் மாட்டினால் முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் பாயில் படுக்கிறவர்கள். தரையில் படுத்தவளுக்கு அதைவிடத் தாழ்ந்த இடம் எங்கே இருக்கிறது? வீட்டில் கட்டில் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி பை முதுகுக்குச் சமமாகக் கிடந்தது. விடியும்போது பை காய்ந்து கிடக்க விலாவில் அப்படி ஒரு வலி. மறுநாள் எங்க வீட்டுக்காரர் தன் அண்ணன் வீட்டுத் தொழுவத்தில் கிடந்த கயிற்றுக்கட்டிலைக் கழுவித் தூக்கி வந்து, காலுக்கு இரண்டு செங்கல் அண்டைக் கொடுத்துப் போட்டார். பையைக் கட்டில் சட்டத்தில் மாட்டினோம். வலி போய்விட்டது. எத்தனை வீட்டில் இதைக் கண்டுபிடிக்காமலே காய்ச்சலோடு திரும்பி ஓடியிருப்பார்கள்!

அடுத்தது உடுப்பு. இதைப் பற்றி எந்த டாக்டரும் பேசமாட்டார், அவருக்குத் தெரியவும் வழியில்லை. குழாய் வெளியே வரும் இடம் கடைசி விலாவுக்குக் கொஞ்சம் கீழே. பாவாடை நாடா இறுக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். நாடாவை இறுக்கினால் குழாய் மடங்கி நீர் நின்றுவிடும். தளர்த்தினால் சேலை நிற்காது. அதனால்தான் குழாய் வைத்த பெண்கள் நைட்டிக்கு மாறி, நைட்டியோடு வெளியே போக மனம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்துவிடுகிறார்கள். நான் எனக்கு ஒரு பாடி வைத்த பாவாடை தைத்துக்கொண்டேன், சின்னப் பிள்ளைகளுக்குத் தைப்போமே, அதே மாதிரி. பாரம் முழுக்கத் தோளில் நிற்கும், இடுப்பில் நாடாவே கிடையாது. முதுகில் இரண்டு பக்கமும் குழாய் வருவதற்குக் காஜா போலச் சுற்றித் தைத்த துளை. தொடைப் பக்கம் உள்ளே இரண்டு பை. தண்ணீர் பட்டால் சீக்கிரம் காயும்படி பாப்ளின் துணி. அதன்மேல் சேலையைச் சுற்றி முந்தானையை இழுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மார்ச்சுற்று, தோளிலிருந்து முழங்கால் வரை உயரம், குழாய் வரும் இடம் தோளிலிருந்து எத்தனை இஞ்சு, இந்த மூன்று அளவு இருந்தால் எந்த டெய்லரும் தைத்துக் கொடுப்பார். வார்டில் கூட இருந்தவர்களுக்கு நானே தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு அக்கா தன் பேத்தியின் சடங்குக்குப் போய்விட்டு வந்தார்.

இப்போது கட்டு மாற்றுவதற்கு வருகிறேன். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

உடம்பில் பெரும்பாலான புண்ணை ஒருவர் தானே பார்த்துக்கொள்ள முடியும். வயிற்றில் குழாய் இருந்தால் குனிந்து பார்க்கலாம். முதுகில் இருப்பதைக் கண்ணாடி வைத்தாலும் பாதிதான் பார்க்க முடியும். பார்த்தாலும் கை போகாது. இன்னொருவர் கை இல்லாமல் இந்தக் குழாயோடு பிழைக்க முடியாது. எனக்கு அந்தக் கை எங்க வீட்டுக்காரருடையது. அவருக்கு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. விடிவதற்கு முன்னால் போய்விட்டு மத்தியானம் கடந்து வருவார். சாயங்காலம் வெயில் அடங்காமல் இருக்கும்போதே, பின்வாசல் பக்கம் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைப்பார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் துடைக்காமல் கையைத் தூக்கிப் பிடித்தே காய வைப்பார். பிறகு ஒரு கையால் குழாயைத் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மறுகையால் பழைய பிளாஸ்டரை மெதுவாக உரிப்பார். எங்கே இழுத்தாலும் தோலைத்தான் இழுக்க வேண்டும், குழாயை இழுக்கவே கூடாது.

உரித்ததும் உடனே துடைக்க மாட்டார். முதலில் பார்ப்பார். தோல் சிவந்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா, ஓரத்தில் நீர் கசிகிறதா, தோலோடு போட்ட தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். தோலுக்கு வெளியே தெரியும் குழாயில் ஆஸ்பத்திரியில் ஒரு அடையாளம் போட்டிருக்கிறார்கள். அது தோலை விட்டுத் தள்ளிப் போயிருந்தால் உள்ளே குழாய் நழுவுகிறது என்று அர்த்தம். எல்லாம் சரியாக இருந்தால், சலைனில் நனைத்த காஸால் துளையின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சுற்று. அந்தக் காஸ் போய்விட்டது, அடுத்ததற்குப் புதுக் காஸ். காய்ந்த பிறகு பெட்டாடின். அதுவும் காய்ந்த பிறகு நடுவில் கீறிய காஸைக் குழாயைச் சுற்றி வைப்பார். துணி வெட்டுவதே என் தொழில், ஆனாலும் அந்தக் காஸை என் கத்தரி தொடக்கூடாது. அதற்கென்று கொதிக்க வைத்து எடுத்த கத்தரி தனியாக டப்பாவில் இருக்கிறது. கடைசியாகக் குழாயை ஒரு வளைவு வளைத்து முதுகோடு இரண்டு இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுவார். பொத்தானுக்கு அடியில் நூலைக் கொஞ்சம் தளர விட்டுச் சுற்றுகிறோமே, இழுத்தால் துணி கிழியாமல் இருப்பதற்கு, அதே கணக்குத்தான். பை எங்காவது மாட்டி இழுபட்டால் இழுப்பு பிளாஸ்டரோடு நிற்க வேண்டும், தையலுக்குப் போகக்கூடாது.

ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் தூக்கி வைக்கிற கை அது. இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது வார்டில் இருந்த ஒரு நைட் டூட்டி சிஸ்டர். “நீங்க பாத்தது போதும்ணே, இப்ப நீங்க போடுங்க, நான் பாக்குறேன்” என்று சொல்லித் தன் கண் முன்னாலேயே அவரைச் செய்யவைத்தார். கை நடுங்கியது எனக்கே முதுகில் தெரிந்தது. மறுநாளும் செய்யவைத்தார். நோயாளியின் வீட்டுக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவருக்கு இருந்த மனசுதான். அந்த அரைமணி நேரம் என்னை எத்தனை காய்ச்சலிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்படி ஒரு அரைமணி நேரம் ஒரு சிஸ்டரின் நல்ல மனசை நம்பி இருக்கக்கூடாது. கூட வந்தவர் தன் கையால் கட்டு மாற்றிக் காட்டிய பிறகுதான் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்து என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் விதி இருக்க வேண்டும். கட்டிலோ மாற்று ஏற்பாடோ உண்டா என்று கேட்பதும் அந்தச் சீட்டில் சேர வேண்டும். சீட்டும் தமிழில் இருக்க வேண்டும்.

கூட வருவதற்கே ஆள் இல்லாதவர்களை என்ன செய்வது? என் பக்கத்துப் படுக்கையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா இருந்தார். கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஊருக்குப் போனதும் பக்கத்தில் இருக்கும் சுகாதார நிலையத்துக்குக் கட்டு மாற்றப் போயிருக்கிறார். “இதெல்லாம் நாங்க தொட்டதில்லம்மா, எங்க வச்சாங்களோ அங்கயே போங்க” என்று சொல்லிவிட்டார்கள். குழாய் வைத்த பலரும் கேட்ட பதில் இது. அங்கயே போவதென்றால் மதுரைக்கு இரண்டு பஸ், ஒரு நாள் கூலி, இடிபட்டுக்கொண்டே பயணம். கடைசியில் பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கும் பிள்ளைதான் அந்த அக்காவுக்குக் கட்டு மாற்றியது. அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், ஆனால் அதற்கு யார் கை கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள்? அக்கா குளிரோடும் நடுக்கத்தோடும் வார்டுக்குத் திரும்பி வந்தார். குழாய் ஓரமெல்லாம் சீழ். பிழைத்துக்கொண்டார், இப்போது மகனோடு திருப்பூரில் இருக்கிறார். சுகாதார நிலையத்தில் இருந்த அந்தச் செவிலியரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பழகாத ஒன்றைத் தொடப் பயந்தது நியாயம். அவரைப் பழக்காமல் விட்டதுதான் அநியாயம்.

பயம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி, தூக்கத்தில் புரண்டபோது வலப்பக்கக் குழாய் கட்டில் கயிற்றில் மாட்டி வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டியில் இருந்தவர் துளை மேல் காஸ் வைத்து ஒட்டி, திங்கட்கிழமை ஓ.பி.க்குப் போங்கள் என்றார். முதுகில் போட்ட துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பிக்கும். திங்கட்கிழமை வரை விட்டால் அடைபட்டுப் போய், திரும்பவும் புதிதாக ஊசி குத்த வேண்டும்; அதற்குள் சிறுநீரகத்தில் தேங்கிய நீர் என்னென்ன செய்யுமோ. நைட் டூட்டி சிஸ்டர் சொன்ன பாடத்தில் இதுவும் இருந்தது. எங்க வீட்டுக்காரர் பிடிவாதமாக 108-ஐக் கூப்பிட்டு என்னை மதுரைக்கு ஏற்றிவிட்டார். விடியற்காலையில் அதே துளை வழியாகவே குழாயைத் திரும்ப வைத்துவிட்டார்கள். அவருக்கு அது தெரியாமல் இருந்திருந்தால்? இந்தக் குழாய் கழன்றால் அது அவசரம். நீர் இரண்டு மூன்று மணி நேரம் சுத்தமாக வராமல் நின்றாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், பையில் கெட்டியாக ரத்தம் வந்தாலும் அவசரம். 108 வண்டியில் இருப்பவருக்கும் ராத்திரி டூட்டி டாக்டருக்கும் இந்த நாலு வரி சுவரில் ஒட்டியிருந்தால் போதும்.

இனி அரசாங்கத்திடம். நான் கேட்பது ஆகாத காரியம் எதையும் அல்ல என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதே திட்டத்தில், வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு அதற்கான திரவப் பைகளையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சை தரச் செவிலியர் போகிறார். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. இரண்டு லிட்டர் டயாலிசிஸ் பையைச் சுமந்துகொண்டு ஒரு வீட்டுக்குப் போகும் வண்டியில் எனக்கு வேண்டிய நாலு யூரின் பையும் ஒரு கட்டுப்பொட்டலமும் ஏறாதா? படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, மூத்திரப்பைக் குழாயையும் மூக்குக் குழாயையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்த செவிலியருக்கு முதுகுக் குழாயின் கட்டை மாற்றப் பழக எத்தனை நாள் ஆகும்? என் கணக்கில் ஒரு சாயங்காலம் போதும்.

கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் சேர்ந்து ஆரம்பித்த நோய் ஆதரவுச் சிகிச்சை, 2008-ல் அந்த மாநிலத்தின் அரசுக் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்து வழியாகச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுகிறார்கள், மூத்திரக் குழாய் மாற்றுகிறார்கள். எங்கே வைத்தார்களோ அங்கேயே போ என்று அங்கேயும் யாராவது சொல்லலாம்; ஆனால் வீட்டுக்கு ஒருவர் வருவார் என்ற நினைப்பு அங்கே இருக்கிறது. கம்பத்தைத் தாண்டினால் கேரளம்தான், எங்கள் ஊரிலிருந்து அது ஒன்றும் தூரம் இல்லை.

இப்படிக் குழாய் வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தானே, அவர்களுக்கென்று தனி ஏற்பாடா என்று கேட்பார்கள். கொஞ்சம் பேராக இருந்தால் செலவும் கொஞ்சம்தான். எனக்குப் பை, காஸ், பிளாஸ்டர், சலைன், பெட்டாடின் என்று மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மருந்துக்கடையில் போகிறது. நாலைந்து லைனிங் பிளவுஸ் தைத்த கூலி அது. அந்தப் பணம் இல்லாத மாதம், வாரம் ஒருமுறை மாற்ற வேண்டிய பையைக் கழுவிக் கழுவி இழுப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பை மிச்சம் பிடித்த நூறு ரூபாய், கிருமி ஏறி ஒரு வாரம் வார்டில் ஊசி போடும்போது அரசாங்கத்துக்குத்தான் பல ஆயிரமாகத் திரும்புகிறது.

இன்னொன்று, குழாய் மாற்றும் நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், உருவுவதும் கஷ்டம். சொன்ன தேதிக்கு வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸைப் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கிப் போனால், எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். மெஷின் ரிப்பேர் ஆவது யார் தப்பும் இல்லை. ஆனால் சீட்டிலேயே எங்கள் போன் நம்பர் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் போட்டுச் சொன்னால், அவர் ஒரு நாள் மார்க்கெட் கூலியை விடாமல் இருப்பார், நான் பட்டினியோடு இரண்டு பையைச் சுமந்துகொண்டு அலையாமல் இருப்பேன்.

டாக்டர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சொல்வதைக் கேளுங்கள். வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் தினமும் இடது பை எவ்வளவு, வலது பை எவ்வளவு, என்ன நிறம் என்று எழுதி வைக்கிறேன். பெடலை அதிகம் மிதித்த நாளில் லேசாக ரோஸ் நிறம் வரும், தண்ணீர் நிறையக் குடித்துப் படுத்தால் தெளிந்துவிடும். இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்ததை அந்த நோட்டைப் புரட்டித்தான் ஒரு இளம் டாக்டர் கண்டுபிடித்தார், அடைப்பு முற்றுவதற்கு முன்னாலேயே குழாயை மாற்றினார். சலைன் விட்டுக் கழுவ வேண்டுமா, எவ்வளவு விட வேண்டும் என்பதையும் அவர்தான் எழுதிக் கொடுத்தார்: 5 மில்லி, மெதுவாகத் தள்ளுங்கள், திரும்ப இழுக்காதீர்கள், தள்ளும்போது வலித்தால் நிறுத்திவிட்டு வாருங்கள். இன்னொரு நோயாளிக்குக் கழுவவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஆள் வேறுபடும் விஷயத்தை ஒருவரிடம் கேட்டு இன்னொருவர் செய்யும்படி வார்டு வாசலில் விடக்கூடாது. எங்கள் குழாய் எதற்கு, எத்தனை நாளைக்கு, எடுக்க முடியுமா, முடியாதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளேயே ஸ்டென்ட் வைத்துக் குழாயை எடுத்துவிட முடியும் என்றால் அதையும் சொல்லுங்கள். எனக்கு அது முடியாது என்று சொன்னார்கள். அன்றைக்கு அழுதேன், அதற்குப் பிறகுதான் பாடிப் பாவாடை தைக்க உட்கார்ந்தேன்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். எங்கள் வத்தலக்குண்டு ஒன்றியத்திலேயே ஆரம்பித்துப் பாருங்கள். குழாயோடு இருப்பவர்கள் யார் யார் என்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பட்டியல் வாங்கி அந்தந்த சுகாதார நிலையத்துக்குக் கொடுங்கள். வீடு தேடி வரும் செவிலியருக்கும், சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியருக்கும் சேர்த்துப் பயிற்சி வையுங்கள். பொம்மையில் பழக வேண்டாம், என் முதுகில் பழகட்டும், எனக்குச் சம்மதம். எங்க வீட்டுக்காரர் கட்டு மாற்றிக் காட்டுவார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவர் வீட்டில்தான் இருப்பார்.